வேர்வை படாத இடம்

ஓட்டம் முடிந்து சேணத்தைக் கழற்றியதும் முதலில் பார்க்க வேண்டியது குதிரையின் முகத்தை அல்ல, முதுகை. நீண்ட தூரம் ஓடிவந்த குதிரையின் முதுகில் வேர்வை சீராகப் பரவியிருக்க வேண்டும். எங்காவது ஒரு திட்டு மட்டும் உலர்ந்து கிடந்தால், அந்த இடத்தைச் சேணம் போட்டு அழுத்தியிருக்கிறது, வேர்க்கக்கூட வழியில்லாமல் தோல் நசுங்கியிருக்கிறது என்று அர்த்தம்.

சாம்பியின் முதுகில், வலப்பக்கம், என் உள்ளங்கையை வைத்தால் மூடிவிடும் அளவுக்கு ஒரு திட்டு உலர்ந்திருந்தது. போன வாரமும் அதே இடத்தில் இருந்தது. விரலால் மெல்ல அழுத்தினேன். சாம்பி முதுகைக் கீழே இறக்கிக் காதுகளைப் பின்னால் மடக்கினாள்.

“அக்கா, மறுபடியும்.”

சுவரில் சாய்ந்து தண்ணீர் குடித்துக்கொண்டிருந்த அக்கா வந்து பார்த்தாள். வெகுநேரம் பார்த்தாள். பிறகு அவள் பார்வை முதுகை விட்டு நகர்ந்து, தீவனக் கொட்டகையின் வாசலில் உட்கார்ந்து பல் குத்திக்கொண்டிருந்த, லாயத்துக்குப் புதிதாக வேலைக்கு வந்த கிராம்பு அண்ணனிடம் போய் நின்றது.

“யாரோ கை வச்சிருக்காங்க” என்றாள், உதடு அதிகம் அசையாமல். “சேணத்துலயோ, அடியில போடற மெத்தையிலயோ. நீ பார்த்துக்கிட்டே இரு. யார்கிட்டயும் மூச்சு விடாதே.”

மூச்சு விடாமல் இருப்பது எனக்குக் கஷ்டமான வேலை இல்லை. பள்ளிக்கூடத்தை நிறுத்திவிட்டு அக்கா வீட்டோடு வந்த நாளிலிருந்து நான் பேசியதெல்லாம் பெரும்பாலும் குதிரைகளிடம்தான்.

சாம்பி எங்கள் குதிரை இல்லை, முதலாளியம்மாவின் குதிரை. ஆனால் தாய்க்குதிரைக்குப் பால் சுரக்காமல் போனபோது புட்டியில் பால் கொடுத்து வளர்த்தவள் அக்கா. முதல் சேணம் போட்டவளும் அவள்தான். அவளைத் தவிர வேறு யாரும் அந்த முதுகில் ஏறியதில்லை. இரண்டு பேரையும் நீண்ட தூர ஓட்டத்துக்குத் தயார் செய்துகொண்டிருந்தோம். எண்பது கிலோமீட்டர் தகுதி ஓட்டம் வரப்போகிறது. முதலாளியம்மா சுற்றி வளைக்காமல் சொல்லிவிட்டார்.

“இதுல சாம்பி தேறலேன்னா மேட்டு லாயத்துக்காரர்கிட்ட அனுப்பிடறேன். அவரும் ரொம்ப நாளா கேட்டுக்கிட்டே இருக்கார். கோவிச்சுக்காதேம்மா. இவ்வளவு நல்ல குதிரையை நிக்க வச்சுத் தீனி போட எனக்கு மனசு வரலை.”

அன்று அக்கா சாப்பிடவில்லை.

நீண்ட தூர ஓட்டத்தில் வேகமாக ஓடுகிற குதிரைக்குப் பெரிய மரியாதை கிடையாது. ஓடி முடித்த பிறகும் நன்றாக இருக்கிற குதிரைக்குத்தான் மரியாதை. ஒவ்வொரு சுற்றின் முடிவிலும் குதிரை டாக்டர் பார்ப்பார். இதயத் துடிப்பு குறித்த நேரத்துக்குள் இறங்க வேண்டும். கழுத்துத் தோலைக் கிள்ளி விட்டால் உடனே பழைய நிலைக்குப் போக வேண்டும். வயிற்றில் சத்தம் கேட்க வேண்டும். முதுகை அழுத்தினால் வலி தெரியக் கூடாது. கடைசியாக, குதிரையைக் கயிற்றில் பிடித்து ஒருவர் ஓட வேண்டும். அப்போது கால் தட்டினால் அதோடு வீட்டுக்குப் போக வேண்டியதுதான்.

அப்படிப் பிடித்து ஓடுவது என் வேலை. வழியில் தண்ணீர் காட்டுவது, கழுத்தில் பஞ்சால் ஒற்றுவது, அதன் முன்னங்கால் மூட்டுக்குப் பின்னால் ஸ்டெதஸ்கோப்பை வைத்துத் துடிப்பு எண்ணுவது எல்லாமும்தான். தண்ணீர்க் கேன்களை ஏற்றிய வேனை அத்தான் ஓட்டுவார். அக்காவின் வேலை குதிரையின் மேல் உட்கார்ந்திருப்பது மட்டும் என்று யாராவது நினைத்தால் அவர்கள் அவளைப் பார்த்ததில்லை. மணல் மூட்டையைத் தோளில் போட்டுக்கொண்டு தண்ணீர்த் தொட்டியின் படிகளில் ஏறி இறங்குவாள். பாதையில் இறக்கம் வந்தால் குதித்து இறங்கி, சாம்பியின் பக்கத்திலேயே ஓடி, மேடு வந்ததும் மறுபடி ஏறிக்கொள்வாள். இறக்கத்தில் ஆளைச் சுமந்தால் குதிரையின் முன்னங்கால்களுக்குத்தான் அடி.

“ஏறுறவளும் பாதி குதிரையா இருக்கணும்டி” என்பாள்.

“மீதிப் பாதி என்னன்னு எனக்குத்தான் தெரியும்” என்பார் அத்தான்.

கிராம்பு அண்ணன் வந்து சேர்ந்தது இதற்கு நடுவில்தான். பல்வலிக்காக எந்நேரமும் ஒரு கிராம்பைக் கடைவாயில் அடக்கிக்கொண்டிருந்ததால் அந்தப் பெயர். எதற்கும் அவசரப்படாத மனிதர். வாளியை எடுக்கப் போனால், அவர் போய்ச் சேர்வதற்குள் வாளியே எழுந்து வந்துவிடும் என்று தோன்றும். அதெல்லாம் போகட்டும். இதற்கு முன் அவர் வேலை பார்த்தது மேட்டு லாயத்தில். அதை அவராகச் சொல்லவில்லை. தீவன மூட்டை இறக்க வந்தவர் சொல்லித்தான் எங்களுக்குத் தெரிந்தது.

“ஏன் மறைக்கணும்?” என்றாள் அக்கா.

“யாராவது கேட்டீங்களா அவரை?” என்றார் அத்தான்.

“கேட்டாத்தான் சொல்லணுமா?”

“உனக்குத் தலைவலி வந்தாக்கூட மேட்டு லாயத்துக்காரர்தான் காரணம்னு சொல்லுவே. அந்த ஆளுக்கு வேற வேலை இல்ல பாரு.”

நான் கிராம்பு அண்ணனைக் கவனிக்கத் தொடங்கினேன். ஒருவர் மேல் சந்தேகம் வந்துவிட்டால் அவர் தும்மினால்கூட யாருக்கோ சைகை காட்டுவதுபோல இருக்கிறது. மதியம் எல்லோரும் சாப்பிடப் போனதும் சேண அறையின் கதவைச் சாத்திக்கொண்டு உள்ளே இருப்பார். வெளியே வரும்போது சட்டையில் குதிரை முடி ஒட்டியிருக்கும். ஒருநாள் சாம்பியின் மெத்தையை எடுத்து முகர்ந்து பார்த்தேன். வேர்வை, தோல், உப்பு, எல்லாவற்றுக்கும் மேலே தெளிவாகக் கிராம்பு வாசனை.

அக்காவிடம் ஓடினேன். அவளும் முகர்ந்தாள். கண்ணை மூடிக்கொண்டு “ம்” என்றாள். அவள் முகத்தில் கோபத்தை எதிர்பார்த்தேன். வந்தது வேறு ஏதோ. அப்பாடா என்பதுபோல ஒன்று. அப்போது அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

மறுநாள் மதியம் நான் சாப்பிடப் போவதுபோல் போய், பின்பக்க ஜன்னல் வழியாகச் சேண அறைக்குள் எட்டிப் பார்த்தேன். கிராம்பு அண்ணன் மெத்தையை இரண்டாக மடித்தார். தட்டினார். மறுபடி மடித்தார். பிறகு அதைத் தலைக்கு வைத்துக்கொண்டு, தரையில் கால் நீட்டிப் படுத்து, அடுத்த மூச்சிலேயே குறட்டை விடத் தொடங்கினார்.

அத்தான் இதைக் கேட்டு வேன் கதவைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். “என்ன மச்சினி, துப்பறியும் இலாகா சதியைக் கண்டுபிடிச்சிருச்சா? தலையணைச் சதி!”

அக்கா சிரிக்கவில்லை. “மடிச்சு மடிச்சு வச்சா மெத்தையில வரி விழும். அந்த வரிதான் முதுகுல குத்துது. தூங்கறதுக்குன்னே மடிக்கிறாரா, மடிக்கிறதுக்குன்னு தூங்கற மாதிரி நடிக்கிறாரா, யாருக்குத் தெரியும்?” என்றாள். நேராக முதலாளியம்மாவிடம் போனாள். அன்று சாயங்காலமே கிராம்பு அண்ணன் சாம்பியின் பக்கம் வரக் கூடாது என்று ஆயிற்று. லத்தி அள்ளுவதும் வைக்கோல் இறக்குவதும் மட்டும் அவருக்கு.

தள்ளுவண்டியோடு என்னைக் கடந்து போகும்போது நின்றார். “பாப்பா, நான் என்ன பண்ணினேன்னு யாராவது சொன்னீங்கன்னா, அள்ளும்போது அதை நினைச்சு வருத்தப்பட்டுக்கிட்டே அள்ளுவேன்.”

நான் தலையைக் குனிந்துகொண்டேன்.

புது மெத்தை வாங்கியாயிற்று. சேணத்தை நான் வீட்டுக்குத் தூக்கிவந்து என் கட்டிலுக்கு அடியில் வைத்தேன். அடுத்த பயிற்சி ஓட்டத்தில் சாம்பியின் முதுகில் அதே வலப்பக்கம், அதே இடத்தில், அதே திட்டு. இந்த முறை அதன் நடுவில் முடி கொஞ்சம் உதிர்ந்திருந்தது.

இப்போது எனக்கு நிஜமாகவே பயம் வந்தது. வீட்டுக்குள் இருப்பது நாங்கள் மூன்று பேர்தான்.

“உன் அத்தான் மேலயும் ஒரு கண்ணு வை” என்றாள் அக்கா, சாதாரணமாக, உப்பு போதுமா பார் என்று சொல்வதுபோல.

“அத்தானா?”

“நான் ஏறுறது அவருக்குப் பிடிக்கலை. தெரியுமில்ல?”

தெரியும். சமீபத்தில் அவர் “போதும், இந்த வருஷத்தோட நிறுத்திக்கோயேன்” என்று இரண்டொரு முறை சொல்லியிருந்தார். அதைவிட மோசமான ஒன்றும் எனக்குத் தெரியும். அதை நான் அக்காவிடம் சொல்லவில்லை. வேனுக்குப் பின்னால் நின்று அவர் போனில் யாரிடமோ, “அவளுக்கு இப்போதைக்குத் தெரிய வேண்டாம், நானே கூட்டிட்டு வர்றேன்” என்று பேசியதைக் கேட்டிருந்தேன். என்னைப் பார்த்ததும் போனைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு, “டயருக்குக் காத்து” என்றார். யாரும் டயரைப் பற்றிக் கேட்கவில்லை.

அதற்குப் பிறகு அவர் போட்டுத் தந்த தேநீரைக்கூட யோசித்துத்தான் குடித்தேன். சிரிப்பு மூட்டுகிறவரைச் சந்தேகப்படுவது ரொம்பக் கஷ்டம். அவர் ஏதாவது சொல்லும்போது சிரிப்பு வரும். சிரித்த பிறகு, இதற்குத்தான் சிரிக்க வைத்தாரோ என்று தோன்றும்.

கடைசியில் ஒரு முடிவுக்கு வந்தேன். அடுத்த ஓட்டத்துக்கு வேறு யார் கையும் படக் கூடாது. சேணத்தை நானே துடைத்து, அடியில் விரல் விட்டு ஒவ்வொரு தையலாகத் தடவிப் பார்த்தேன். மெத்தையை நானே உதறினேன். சாம்பியின் முதுகை நானே தேய்த்து, சேணத்தை நானே வைத்து, வாரை நானே இறுக்கினேன். அத்தானை வேனை விட்டு இறங்கவே விடவில்லை. “எனக்குக் காபியாவது உண்டா, இல்ல அதுவும் சந்தேகக் கேஸா?” என்று ஜன்னல் வழியாகக் கேட்டார். அவருக்கு எப்படித் தெரிந்தது என்று அதற்கும் சந்தேகப்பட்டேன்.

அக்கா கடிவாளத்தை வாங்கிக்கொண்டாள். “மதில் ஓரமா போய் ஏறிக்கறேன்” என்று கொட்டகையின் பின்பக்கம் சாம்பியை நடத்திப் போனாள். கொஞ்ச நாளாகவே அங்கேதான் ஏறுகிறாள்.

திரும்பி வந்ததும் சேணத்தை இறக்கினேன். திட்டு இருந்தது.

யாரும் தொடவில்லை. என் கையைத் தவிர எந்தக் கையும் படவில்லை. அப்படியென்றால் கிளம்பும்போது சரியாக இருந்தது வழியில்தான் கெடுகிறது. வழியில் சாம்பியின் மேல் இருப்பது ஒரே ஒருத்திதான்.

அந்த நினைப்பு வந்ததும் எனக்கு என் மேலேயே அருவருப்பாக இருந்தது. அதைத் தள்ளிவிட்டுக் கொடிக்குப் போய், துவைத்துக் காயப்போட்டிருந்த கால்கட்டுகளைச் சுருட்டத் தொடங்கினேன். ஓட்டம் முடிந்ததும் குதிரையின் கால்களில் சுற்றுகிற நீளமான துணிக்கட்டுகள் அவை. சுருட்டிச் சுருட்டிக் கூடையில் போட்டேன். கூடையில் ஐந்து இருந்தன.

குதிரைக்குக் கால் நாலுதான்.

ஐந்தாவதைப் பிரித்துப் பார்த்தேன். அதே வெள்ளை, அதே அகலம், ஆனால் இழுத்தால் நீளுகிற துணி. உள்பக்கம் வலித் தைலத்தின் மஞ்சள் கறை. துணியின் நடுவில் ஒரு மனித முழங்காலின் உருண்டை அப்படியே பதிந்திருந்தது. வேறு எங்கே காயப்போட்டிருந்தாலும் கண்ணை உறுத்தியிருக்கும். குதிரையின் கட்டுகளோடு தொங்கினால் யார் எண்ணிப் பார்க்கப் போகிறார்கள்?

அடுத்த ஓட்டத்தன்று, தலைவலி என்று சொல்லி வேனில் போகாமல் நின்றுவிட்டேன். அக்கா கிளம்புவதற்கு முன்பே சைக்கிளில் கிளம்பி, மூடிக் கிடந்த செங்கல் சூளையின் சுவருக்குப் பின்னால் போய் நின்றேன். அங்கிருந்து பார்த்தால் நேர்ச்சாலையும் அதன் முடிவில் இருக்கிற இறக்கமும் முழுதாகத் தெரியும்.

சாம்பி துள்ளுநடையில் வந்தாள். அந்த நடையில் குதிரையின் ஒரு முன்னங்காலும் அதற்கு எதிர்ப்பக்கப் பின்னங்காலும் சேர்ந்து விழும். மேலே இருப்பவர் ஒரு தாளத்துக்கு எழுந்து, அடுத்த தாளத்துக்கு உட்கார வேண்டும். ஒரே ஜோடிக் கால் விழும்போதே உட்கார்ந்துகொண்டிருந்தால் பாரமெல்லாம் முதுகின் ஒரே பக்கத்தில் போய் விழும். அதனால் கொஞ்ச தூரத்துக்கு ஒருமுறை ஒரு தாளம் கூடுதலாக உட்கார்ந்து, ஜோடியை மாற்றிக்கொள்ள வேண்டும். இந்த ஓட்டத்தில் கற்றுக்கொள்கிற முதல் பாடமே இதுதான். ஒவ்வொரு விளக்குக் கம்பத்துக்கும் மாற்று என்று எனக்குச் சொல்லிக் கொடுத்தவள் அக்கா.

முதல் கம்பம் போயிற்று. மாற்றவில்லை. அடுத்த கம்பமும் போயிற்று. மூன்றாவதில் ஒருமுறை மாற்றினாள். உடனே முகம் கோணி, இடது கால் சேணத்தில் தொங்கும் கால்வளையமான அங்கவடியிலிருந்து நழுவ, அவசரமாகப் பழைய தாளத்துக்கே திரும்பினாள். அவள் உடம்பு முழுவதும் வலது அங்கவடியின் மேல் சாய்ந்திருந்தது. இறக்கத்தில் குதித்து இறங்கி ஓடவில்லை. சாம்பி அவளைச் சுமந்துகொண்டே, தலையைத் தாழ்த்தி, அடி மேல் அடி வைத்து இறங்கினாள்.

மதில் ஓரமாக ஏறுவது ஏன் என்றும் அப்போதுதான் புரிந்தது. இடது காலை அங்கவடியில் ஊன்றி ஏற அவளால் முடியவில்லை.

அன்று அவளை அந்த மதிலருகிலேயே பிடித்தேன். கையில் கட்டுத்துணி இருந்தது. நான் எதுவும் கேட்க வேண்டியிருக்கவில்லை.

“எப்போ பார்த்தே?”

“எப்போ விழுந்தே?”

“பிளாஸ்டிக் தாள் பறந்துச்சு. இவ ஒதுங்கினா. கல் மேல விழுந்தேன். அவ்வளவுதான். ஒரு முட்டிக்காக யாராவது ஊரைக் கூட்டுவாங்களா?” சிரிக்கப் பார்த்தாள். “முதலாளியம்மாவுக்குத் தெரிஞ்சா என்னை இறக்கிட்டு வேற ஆளை ஏத்துவாங்க. ஓட்டம் முடியட்டும். முடிஞ்சதும் எவ்வளவு நாள் வேணும்னாலும் படுத்துக்கறேன்.”

“கிராம்பு அண்ணன் மேல சொன்னியே?”

அவள் சாம்பியின் பிடரியில் சிக்கு எடுக்கத் தொடங்கினாள்.

“உனக்குத் தெரியும்தானே, அவர் இல்லைன்னு?”

“திட்டு எப்படி வந்துச்சுன்னு நீதான் கேட்டுக்கிட்டே இருந்தே. யாரையாவது சொல்லணுமில்ல.”

அதை அவள் சொன்ன விதத்தில் எந்தக் கெட்ட எண்ணமும் இல்லை. அதுதான் என்னைப் பயமுறுத்தியது. அத்தான் மேல் ஒரு கண் வை என்றதும் இதற்குத்தான். நான் எல்லோரையும் பார்த்துக்கொண்டிருக்க வேண்டும், அவளை மட்டும் பார்க்கக் கூடாது.

“சாம்பிக்கு வலிக்குதுக்கா.”

“எனக்குத் தெரியாதா? புட்டிப்பால் கொடுத்தவ நான்.” பிடரியை விட்டுவிட்டு என் பக்கம் திரும்பினாள். “மேட்டு லாயத்துக்குப் போனா வலிக்காதா? அங்க இவளை யாருக்குத் தெரியும்? ஒரு நாள் தாங்கிட்டா நம்ம கூடவே இருப்பா. நீ ஒண்ணே ஒண்ணு பண்ணு. டாக்டர் முன்னாடி பிடிச்சு ஓடும்போது கயித்தைக் குட்டையா பிடி. தாடைக்குக் கீழயே. தலை ஆடாம பார்த்துக்கோ.”

நொண்டுகிற முன்னங்கால் தரையில் படும்போது குதிரை தலையைத் தூக்கும். நல்ல கால் படும்போது தாழ்த்தும். டாக்டர் பார்ப்பது காலை அல்ல, தலையை. கயிற்றைத் தாடைக்கடியில் இறுக்கிப் பிடித்தால் தலை ஆட முடியாது. அதனால்தான் கயிறு தளர்ந்திருக்க வேண்டும் என்பது விதி. எல்லோருக்கும் தெரிந்த விதி, எல்லோருக்கும் தெரிந்த திருட்டு.

நான் சரி என்றும் சொல்லவில்லை, மாட்டேன் என்றும் சொல்லவில்லை. நான் பேசாமல் இருந்தால் சரி என்று எடுத்துக்கொள்வது வீட்டில் எல்லோருக்கும் பழக்கம்.

தகுதி ஓட்டத்தன்று வெயில் ஏறுவதற்கு முன்பே முதல் சுற்று தொடங்கிவிட்டது. மைதானத்தில் முதலாளியம்மா குடையோடு உட்கார்ந்திருந்தார். ஆள் போதவில்லை என்று கிராம்பு அண்ணனையும் தண்ணீர் தூக்கக் கூட்டிவந்திருந்தார்கள். வாளிகளை எனக்குத் தெரிகிற மாதிரி, கைக்கு எட்டாத தூரத்தில் வைத்துவிட்டு, “நான் தொடலை, பார்த்துக்கோங்க” என்று கைகளை விரித்துக் காட்டினார்.

அக்கா குறைந்த நேரத்திலேயே சுற்றை முடித்து வந்தாள். எல்லோரும் சாம்பியைப் பார்த்துக்கொண்டிருந்த சமயத்தில் அவள் அங்கவடிகளிலிருந்து இரண்டு கால்களையும் உருவிக்கொண்டு சறுக்கி இறங்கி, நாற்காலியில் போய் உட்கார்ந்துவிட்டாள். அத்தானும் நானும் கழுத்திலும் மார்பிலும் தண்ணீர் ஊற்றி ஊற்றி வழித்தோம். துடிப்பு அழகாக இறங்கியது. தோல் சரி. வயிறு சரி. டாக்டர் வாய்க்குள் ஏதோ பாட்டை முணுமுணுத்தபடி முதுகெலும்பின் இரு பக்கமும் விரல்களை ஓட்டிக்கொண்டு வந்தார். வலப்பக்கம் அந்த இடம் வந்ததும் சாம்பி முதுகை இறக்கினாள். பாட்டு நின்றது.

“ம். பிடிச்சு ஓடும்மா, பார்க்கலாம்.”

அக்கா நாற்காலியிலிருந்து என்னைப் பார்த்தாள். நானும் பார்த்தேன். கயிறு என் கையில் தாடைக்கடியில்தான் இருந்தது. சாம்பியின் மூச்சு என் மணிக்கட்டில் சூடாகப் பட்டது. மைதான ஓரத்தில் நட்டிருந்த கொடிக்கம்பம் வரை போய்த் திரும்பினால் போதும். இறுக்கிப் பிடித்தால் தேறிவிடலாம். தேறினால் இரண்டாவது சுற்று. இன்னொரு நாற்பது கிலோமீட்டர், அதே பக்கம், அதே இடத்தில், ஒவ்வொரு தாளத்துக்கும் ஒரு அடி.

ஓடத் தொடங்கும்போது விரல்களைத் திறந்தேன். கயிறு என் உள்ளங்கையில் வழுக்கி நீண்டது.

திரும்பி வரும்போது எனக்கே தெரிந்தது. வலது கால் படும்போது தலை மேலே போயிற்று, இடது கால் படும்போது கீழே வந்தது. டாக்டர் இன்னொரு முறை ஓடச் சொன்னார். ஓடினேன். அவர் கையைத் தூக்கினார்.

“போதும். இவளுக்கு இன்னிக்கு இதோட ஓட்டம் முடிஞ்சுது.”

முதலாளியம்மா குடையை மடக்கிக்கொண்டு என்னிடம் வந்தார். “எத்தனையோ தடவை இந்தக் குதிரையைப் பிடிச்சு ஓடியிருக்கே. இன்னிக்கு மட்டும் ஏன் கயித்தை அப்படி விட்டே? கயிறு தளர்வா இருக்கணும்தான், அதுக்குன்னு ஓட்டமா ஓடும்போது அப்படியே நழுவ விடறியே? யார் சொல்லிக் கொடுத்தாங்க?”

நான் சாம்பியின் கழுத்தைத் தடவினேன்.

“மேட்டு லாயத்து ஆளுங்க காலையில இந்தப் பக்கம் நடமாடிக்கிட்டு இருந்தாங்களே, அவங்ககிட்ட ஏதாவது பேசினியா? வாயைத் திற. ஊமை மாதிரி இருந்துக்கிட்டே எல்லா வேலையும் பண்றவங்களை எனக்குத் தெரியும்.”

சுற்றியிருந்தவர்கள் என்னைப் பார்த்தார்கள். ஒருவர் மேல் சந்தேகம் விழுந்தால் அவர் நிற்கிற நிலைகூடத் தப்பாகத் தெரியும் என்று எனக்குத் தெரியும். நான் கயிற்றைச் சுற்றினேன். அவிழ்த்தேன். மறுபடி சுற்றினேன். நாற்காலியில் அக்கா அசையாமல் இருந்தாள். ஒரு வார்த்தை சொன்னால் போதும். சொல்லாவிட்டாலும் போதும். காரணம் நான்தான் என்று ஆகிவிட்டால், முதலாளியம்மா அவளுக்கு இன்னொரு வாய்ப்பு கொடுப்பார். அது எனக்குத் தெரிந்தது. அவளுக்கும் தெரிந்தது. அவள் அதைக் கணக்குப் போட்டுப் பார்ப்பதை அவள் முகத்தில் பார்த்தேன். கொஞ்சநேரம்தான். ஆனால் பார்த்தேன்.

பிறகு நாற்காலியின் கையைப் பிடித்துக்கொண்டு எழுந்தாள். நடந்து வந்தாள். இத்தனை நாளாக ஒளித்துவைத்திருந்த நடை அது. ஒவ்வொரு அடிக்கும் ஒரு பக்கம் இடிந்து விழுவதுபோல நடந்தாள்.

“அவளை விடுங்கம்மா” என்றாள். குனிந்து கால்சட்டையை முழங்காலுக்கு மேல் சுருட்டினாள். கட்டுக்கு மேலும் கீழும் தோல் கறுத்து வீங்கிப் பளபளத்தது.

டாக்டர் அவள் முட்டியைப் பார்த்தார், சாம்பியைப் பார்த்தார். “நான் இவளுக்கு மட்டும்தான் டாக்டர். ஆனா ரெண்டு பேரும் ஒரே மாதிரி நொண்டறீங்களே” என்றார்.

யாரும் சிரிக்கவில்லை. அத்தான் அக்காவின் தோளுக்கடியில் கைகொடுத்துத் தாங்கிக்கொண்டார். “எலும்பு டாக்டர்கிட்ட எப்பவோ நேரம் கேட்டு வச்சிருக்கேன். எப்படிச் சொல்லிக் கூட்டிட்டுப் போறதுன்னுதான் முழிச்சுக்கிட்டிருந்தேன்” என்றார். “வீட்ல தைல வாசனை. குதிரைக்குன்னு நினைக்க நான் என்ன குதிரையா?”

முதலாளியம்மா கத்தவில்லை. கத்தியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். “முட்டியை மறைச்சது இருக்கட்டும். இவ முதுகை எப்படிம்மா பார்த்துக்கிட்டு இருந்தே?” என்று மட்டும் கேட்டுவிட்டு, மேட்டு லாயத்துக்குப் போன் செய்யக் காருக்குப் போனார்.

சாம்பியின் முதுகு ஆறியதும் மேட்டு லாயத்திலிருந்து லாரி வந்தது. சாம்பியோடு போகிறவர் கிராம்பு அண்ணன். அவருக்குத் திரும்பவும் அங்கேயே வேலை. அக்கா ஊன்றுகோலோடு வந்திருந்தாள். என்னிடம் அவள் இன்னும் சரியாகப் பேசத் தொடங்கவில்லை. கிராம்பு அண்ணன் பலகையைச் சாய்த்துவைத்து, சாம்பியை நிதானமாக ஏற்றிக்கொண்டிருந்தார்.

“அண்ணே” என்றாள் அக்கா. அவரை அவள் அப்படிக் கூப்பிட்டு நான் கேட்டதே இல்லை. “இவ புது இடத்துல தண்ணி குடிக்க மாட்டா. முன்னாடி நிக்காதீங்க. பக்கத்துல நின்னு வாளியைக் கையால அலசுங்க. அந்தச் சத்தம் கேட்டா குடிப்பா.”

கிராம்பு அண்ணன் கயிற்றைக் கட்டுவதை நிறுத்தினார். “இதுல ஏதும் உள்குத்து இல்லையே, ஓட்டக்காரம்மா? நான் அலசப் போய், கை வச்சேன்னு நாளைக்கு ஒரு பேச்சு வராதே?”

“வராது.”

அவர் அவளை நம்பவில்லை. என் பக்கம் திரும்பினார். “பாப்பா, நீ சொல்லு. நிஜமா?”

“நிஜம்தான் அண்ணே” என்றேன்.

அவர் தலையாட்டிவிட்டு முடிச்சை இறுக்கினார். எங்கள் இரண்டு பேர் பேச்சில் எதை எவ்வளவு எடுத்துக்கொள்வது என்று அவர் இன்னும் யோசிப்பது தெரிந்தது.

“இன்னொண்ணு” என்றாள் அக்கா. “அங்க யார் ஏறினாலும் சொல்லுங்க. ஒரே தாளத்துல உட்காரக் கூடாது. மாத்தி மாத்தி உட்காரணும். மாத்தலேன்னா இவ காட்டிக்க மாட்டா. தாங்கிக்குவா.”

“அதான் பார்த்தோமே” என்றார் கிராம்பு அண்ணன்.

அக்கா ஊன்றுகோலை மாற்றிப் பிடித்தாள். “ஆமா. பார்த்தோம்” என்றாள்.

லாரியின் பின்கதவு மூடியது. உள்ளேயிருந்து சாம்பி ஒருமுறை பலகையை உதைத்தாள். அக்கா அந்தச் சத்தம் வந்த இடத்தையே பார்த்துக்கொண்டு நின்றாள். நான் அவளுக்குப் பக்கத்தில் போய் நின்றேன். அவள் நகர்ந்து போகவில்லை.